சொந்தக்காரர் என்று சொன்ன வாய்

எனக்கு வாய் நீளம். என்னைக் கப்பல் ஏற்றிவிடும்போதே என் மாமியார் இதைச் சொல்லி எச்சரித்துத்தான் என் புருஷனிடம் ஒப்படைத்தார். ஆனால் அந்த வாயாலேயே மூன்று குடித்தனத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்ப்பேன் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த இரண்டு மாதம் எனக்கு நாள் நாளாக நினைவிருக்கிறது.

கித்தா, அதாவது ரப்பர், விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் அறை எடுத்து இருக்கிற தெரு ஒன்றில் எங்கள் வீடு. வீடு என்ன வீடு, ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு அறை. என் புருஷனுக்கு ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. நடு அறையில் ஒரு கிராணியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் சரக்கு ஆபீஸில் எழுத்து வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பின்னறையில் கல்யாணமாகாத அண்ணன் தம்பி இரண்டு பேர். அடுப்பங்கரை எல்லோருக்கும் பொது.

மாடியில் வீட்டின் சொந்தக்காரர். அந்தக் காலத்தில் தண்டவாளம் போட ஆள் கொண்டுவந்து இறக்கிய கங்காணி. சம்பாதித்து இந்த வீட்டையும், காப்பார் பக்கம் கொஞ்சம் கித்தா நிலத்தையும் வாங்கினார். மனைவி தவறிப்போய், பத்தொன்பது வயது மகளோடு இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். வாடகையை அவர் கையால் தொட மாட்டார். சம்பளம் வாங்கிய மறுநாள் நான் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கொடுப்பேன், அது சிரித்துக்கொண்டே வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளும். ரசீது? மாமாவிடம் போய் ரசீது கேட்பதா? ஐயோ, அதைவிட அவர் முகத்தில் காறித் துப்பலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராணி சர்ச்சிலிருந்து வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் எல்லோரையும் அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டார். வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிற ஒருவர் அவரிடம் காதோடு காதாகச் சொன்னாராம்.

“இந்த வீடு வட்டிக்கடையில ஈடா இருக்கு. மாமா ஏழு மாசமா வட்டி கட்டலையாம். இப்படியே போனா கடைக்காரங்க வீட்டை எடுத்துக்குவாங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த அகப்பை கீழே விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, கிராணி மனைவிதான் எடுத்து வைத்தார்.

“ஏழு மாசமா? அப்ப நாம மாசாமாசம் குடுத்த வாடகை எங்க போச்சு?” என்று கேட்டேன்.

யாருக்குத் தெரியும்? அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடுத்த மாதத்திலிருந்து வாடகையை நிறுத்திவிடலாம் என்றார்கள். நிறுத்தினால் மாமாவே நம்மை வெளியே தள்ளலாம் என்றார் கிராணி. கடைக்காரன் வந்தால் நம்மை இருக்க விடுவானா, சட்டி பானையோடு ரோட்டில் வைப்பானா என்று நான் கேட்டேன். என் புருஷன் மட்டும் பாதிப் பேச்சில் எழுந்து போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அறைக்குள் வந்ததும் சொன்னார்: “வீடு போச்சுன்னா உன்னை ஊருக்கு அனுப்பிடறேன். நான் ஒண்டிக்கட்டைன்னா ஷெட்டுலயே எங்கயாவது படுத்துக்குவேன்.”

அப்போது எனக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை. அவருக்கு வேலையை வாரத்தில் நாலு நாளாகக் குறைத்திருந்தார்கள். வாராவாரம் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் கப்பலாக ஜனங்கள் திரும்பிப் போன சமயம் அது. எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் அப்படிப் போனார்கள். முதலில் மணியார்டர் வரும், பிறகு கடிதம் மட்டும் வரும், பிறகு அதுவும் வராது. அவர்கள் புருஷன்மார் இங்கே வேறு அடுப்பு மூட்டிக்கொண்டதையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம். என் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த அறை போனால் என் குடும்பமே போனது, அவ்வளவுதான்.

மாமாவிடம் நேரே போய்க் கேட்க ஆண்பிள்ளைகள் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பெரிய மனுஷராம், எப்படிக் கேட்பதாம். தூ! மறுநாள் காலை நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். அந்தப் பெண் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, வீடு கைவிட்டுப் போகுதுன்னு பேசிக்கிறாங்களே, நெசமா?” என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. பேப்பரை மடித்து வைத்து, என்னை உட்காரச் சொன்னார்.

“நெசந்தான் தாயி. கித்தா விலை விழுந்ததுல கொஞ்சம் தடுமாறிட்டேன். ஆனா பயப்படாத. பாப்பாவுக்குக் கிள்ளான்ல ஒரு இடம் வந்திருக்கு. பெரிய கடை, சொந்த லோரி, வசதியான குடும்பம். சம்பந்தம் முடிஞ்சா அவங்களே இந்த வீட்டை மீட்டுத் தர்றதாப் பேச்சு. உங்க அறைக்கும் ஆபத்தில்ல.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவங்க ஆள் ஒருத்தர் விசாரிக்க வருவார். நான் குடக்கூலியில காலந்தள்ளுற மாதிரி தெரியக்கூடாது. நீங்கள்லாம் எனக்குச் சொந்தம், சும்மா இருக்கீங்கன்னு சொல்லிடுங்க. மத்தவங்ககிட்டயும் நீயே சொல்லு. நீ சொன்னாக் கேப்பாங்க.”

இது ஒன்றும் புதுமை இல்லை. பெண்ணெடுக்கப் போகிறவர்கள் முதலில் ஓசைப்படாமல் ஒரு ஆளை அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வருகிறவர் தான் யார் என்று சொல்ல மாட்டார். நாமும் கேட்கக்கூடாது, கேட்டால் அது மரியாதைக் குறைச்சல். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்து, பெண் வீட்டைப் பற்றி நாலு வார்த்தை கூட்டிச் சொல்லி அனுப்புவோம். நானே எத்தனையோ பெண்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். கீழே வந்து மற்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கிராணி தலையைச் சொறிந்தார். அவர் மனைவி, “நான் பொய் சொல்ல மாட்டேன். வேணும்னா வாயை மூடிக்கிட்டு இருக்கேன்” என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. சரிதான் போங்க, அதுக்கெல்லாம் நான் இருக்கேன் என்றேன்.

ஆள் அந்த வாரமே வந்தார். மத்தியானம். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்; மாமா காலையிலேயே கிள்ளானுக்குப் போவதாகச் சொல்லிப் போயிருந்தார். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, நெற்றியில் பளிச்சென்று விபூதி. வாசலில் நின்று, “ஐயா சொல்லியிருப்பாரே, நான் வர்றதா?” என்றார்.

“சொன்னாரு, சொன்னாரு. வாங்க, உள்ள வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். மாடிக்கு ஓடி, கிள்ளான் ஆள் வந்திருக்கிறார் என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்குத் தலை சீவி, என் கல்யாணத்துக்கு வாங்கிய மாங்காய்ப் பட்டைச் சேலையைச் சுற்றிவிட்டு, கோப்பி கொண்டுவரச் சொன்னேன். விசாரிக்க வருகிறவர் முன் பெண்ணைக் காட்டுவது வழக்கம் இல்லைதான். ஆனால் பார்க்க லட்சணமான பெண். பார்த்துவிட்டுப் போய் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லட்டுமே என்று எனக்கு ஆசை. அது கோப்பியைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து முகம் சிவந்து ஓடிப்போனது. அவர் கோப்பியைக் குடித்தார், பெண்ணை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடக்கமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அறைகளை எண்ணினார். சுவரைத் தட்டினார். கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தார். கிள்ளான்காரர்கள் எவ்வளவு விவரமானவர்கள் பார் என்று கிராணி மனைவியின் காதில் சொன்னேன். அந்தம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

“ஏம்மா, எத்தனை குடித்தனம் இருக்கீங்க? என்ன வாடகை குடுக்கிறீங்க?” என்று கேட்டார் வந்தவர்.

“வாடகையா? நல்லாக் கேட்டீங்க போங்க! மாமா எங்ககிட்ட ஒரு காசு வாங்குவாரா? நாங்கள்லாம் அவருக்குச் சொந்தக்காரங்க. சும்மாதான் இருக்கோம்.”

“மூணு குடித்தனமுமா?”

“மூணும்தான்! அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளைன்னு எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு.” கிராணி கிறிஸ்தவர், பின்னறைக்காரர்கள் வேறு ஜாதி. அதெல்லாம் எனக்கு நினைவே வரவில்லை. வாய் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கோட்டுப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். “நிச்சயமாத்தானா?” என்று ஒருதரம் கேட்டார். சத்தியமாக என்று சொன்னேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அந்தப் பெண்ணும் நானும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் கிள்ளான் பேச்சுத்தான். மாப்பிள்ளை லோரி ஓட்டுவாரா, கணக்குப் பார்ப்பாரா, கடை எத்தனை பெரிசு இருக்கும், மாமியார் எப்படிப்பட்டவளாக இருப்பாள். அது ரவிக்கை ஒன்று தைக்க ஆரம்பித்திருந்தது. நான் கேலி செய்தால், “போங்கக்கா, சும்மா லா!” என்று தோளில் அடிக்கும்.

எனக்கு ஒன்பதாம் மாதம் பிறந்த சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அதே வெள்ளைக் கோட்டுக்காரர் வந்தார். எல்லோரும் வீட்டில் இருந்தோம். மாமாவும் கீழே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் முகமெல்லாம் பல்லாக நாற்காலியை இழுத்தேன். அவர் உட்காரவில்லை. கையிலிருந்த காகிதத்தைக் கிராணியிடம் நீட்டினார். கிராணி படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்துப்போனது.

“வீட்டை விட்டு நாம எல்லாரும் போகணுமாம். மாமாவும் அவர் சொந்தக்காரர்களும் பதினஞ்சு நாளைக்குள்ள காலி பண்ணணும்னு போட்டிருக்கு” என்றார். பிறகு வந்தவரைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டார்.

“வட்டிக்கடை மேலாள். போன மாசம் வந்து இந்தம்மாகிட்டதான் விசாரிச்சுட்டுப் போனேன்.”

எனக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஐயா, நாங்க சொந்தக்காரங்க இல்லீங்க, குடக்கூலிக்காரங்க! மாசாமாசம் வாடகை குடுத்துக்கிட்டுதான் இருக்கோம்!” என்றேன்.

அவர் நோட்டை எடுத்துப் புரட்டிக் காட்டினார். “நீங்க சொன்னதை எழுதியிருக்கேன். வாடகை குடுக்கிற குடித்தனம் இருந்தா அவங்களை இருக்க விட்டு, வாடகையைக் கடையில கட்டச் சொல்லலாம்னுதான் நான் கணக்கெடுக்கவே வந்தேன். காலி வீட்டை வச்சுக்கிட்டு இந்தக் காலத்துல எங்களுக்கு என்ன லாபம்? ஐயா ஒரு வருஷமா சொந்தக்காரங்கதான் சும்மா இருக்காங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தார். சந்தேகப்பட்டு வந்தேன். நீங்களும் அதையே சொன்னீங்க.”

இருக்க விட வந்திருக்கிறார்! எங்களை இருக்க விடத்தான் அந்த மனுஷன் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். நான் நாற்காலி போட்டு, கோப்பி கொடுத்து, எங்கள் கழுத்தை நானே அறுத்துக் கொடுத்திருக்கிறேன். என் புருஷன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாலு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“நீங்க கிள்ளான் மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நெனச்சுச் சொல்லிட்டேங்கய்யா. மாமாதான் அப்படிச் சொல்லச் சொன்னார்” என்றேன்.

“எந்த மாப்பிள்ளை வீடு?” என்றார் மேலாள்.

“ரசீது இருக்கா?” என்றும் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “வீடு போகுதுன்னு தெரிஞ்சதும் எல்லாரும் வாடகை குடுத்தோம்னுதான் சொல்லுவீங்க. சரி, ஐயாவே சொல்லட்டும். வாடகை வாங்கினேன்னு அவர் வாயால சொன்னா இப்பவே எழுதிக்கிறேன்.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து வருஷம் மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன். வாயும் வயிறுமாக முன்னால் நிற்கிறேன்.

“வாடகையெல்லாம் வாங்கல” என்றார் மாமா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்கு வேண்டப்பட்டவங்க. சும்மாதான் இருந்தாங்க.”

“மாமா!” என்று கத்தினேன். “அப்ப கிள்ளான் சம்பந்தம்? சொந்த லோரின்னீங்களே? பாப்பாவைக் கேட்டு வர்றதாச் சொல்லலையா நீங்க?”

“எந்தச் சம்பந்தமும் இல்ல. யாரும் பாப்பாவைக் கேக்கல. இந்தப் பொண்ணு என்னமோ உளறுது” என்றார்.

வாங்கினேன் என்று சொன்னால், வாடகையை மறைத்து ஒரு வருஷமாகக் கடையை ஏமாற்றியது வெளிவந்து, போலீஸ் வரைக்கும் போகும். அது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அந்த நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அட பாவி மனுஷா, பெற்ற பெண்ணின் கல்யாணத்தை வைத்தா என் வாயில் பொய்யைப் போட்டாய் என்று நெஞ்சு அடித்துக்கொண்டதே தவிர, வார்த்தை வரவில்லை. என் வாழ்நாளில் எனக்கு வாயடைத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. அந்தப் பெண் நடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ. கையில் ஊசி நூலோடு தைத்துக்கொண்டிருந்த ரவிக்கை. அது தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தம் என்பதே இல்லை.

“யாரும் கேக்கலையாப்பா?” என்றது.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது மெதுவாக இறங்கி வந்து மேலாள் எதிரில் நின்றது. “வாடகை குடுத்தாங்க” என்றது. “நான்தான் கையில வாங்கினேன். அக்கா சம்பளத்துக்கு மறுநாள் குடுப்பாங்க. கிராணி அண்ணன் முதல் ஞாயித்துக்கிழமை. பின்னறை அண்ணனுங்க ரெண்டு தவணையாக் குடுப்பாங்க. ஒரு மாசமும் நின்னதில்ல.” ஒவ்வொருவரும் எத்தனை வெள்ளி கொடுத்தோம் என்பதையும் தடுமாறாமல் சொன்னது. குரல் உயரவே இல்லை.

“ஏய், மேல போ!” என்று மாமா எழுந்தார். அது திரும்பிப் பார்க்கவில்லை.

மேலாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மாமாவைப் பார்த்து, “இது கோர்ட்டுக்குப் போற சமாச்சாரம்” என்றார். பிறகு அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினார். “அப்பாவைக் கூட்டிக்கிட்டு அடுத்த சனிக்கிழமைக்குள்ள போயிடும்மா. நான் இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகல” என்றார். எங்கள் மூன்று குடித்தனமும் இருக்கலாம், இனிமேல் வாடகையைக் கடையில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

என்னை ஊருக்கு அனுப்புகிற பேச்சை என் புருஷன் அன்றைக்கு விட்டவர்தான், மறுபடி எடுக்கவில்லை. அடுத்த மாதம் அந்த அறையிலேயே எனக்கு ஆண் குழந்தை பிறந்தது.

அவர்கள் போனது அந்தச் சனிக்கிழமை காலையில். கித்தா நிலம் முன்பே கடனில் போயிருந்தது; காப்பார் பக்கம் தோட்டத்துக் கூலி லயத்தில் தூரத்து உறவு யாரோ இருந்தார்கள் என்று கேள்வி. மாட்டுவண்டி வந்து நின்றது. கிராணி மனைவி சோறு கட்டிக் கொடுத்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பெட்டிகளை ஏற்றினார்கள், மாமாவை ஆளுக்கு ஒரு கை பிடித்து வண்டியில் உட்கார வைத்ததும் அவர்கள்தான். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. கால் வீங்கியிருக்கிறது, நிற்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் என் அறைக் கதவில் வந்து தட்டியது. “அக்கா, போயிட்டு வரேன்” என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டி, “உடம்பைப் பாத்துக்குங்கக்கா” என்றது.

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றேன். கால் ஒன்றும் வலிக்கவில்லை.